ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மழை

ஓசூர்,
செப்டம்பர் 2007

பெருமதிப்பிற்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சிங்கராயர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே உங்கள் தங்கை பவுலினாவின் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். திண்டுக்கல்லில் உங்கள் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. நம் பெண் லிபியாவுக்கு நீங்கள் பேசி முடித்த மாப்பிள்ளை கிங்ஸ்டன் விஷயமாக எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்புக்கான முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். அதற்குள் நீங்கள் பையன் வீட்டுக்குப் போய், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், எனக்கே பாதிதான் புரிகிறது.

மாப்பிள்ளை தண்ணீர் ஆராய்ச்சி என்றீர்கள். போர் போடுகிறவர் என்று நினைத்தேன். இல்லையாம். தென்பெண்ணையில் எப்போது எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வாராம். "மழை கர்நாடகாவுல பேயும் மாமா, தண்ணி நம்ம கெலவரப்பள்ளி டேமுக்கு வரும்" என்றார். சரி, அங்கே பெய்கிற மழைக்கு என் மொட்டை மாடியில் எதற்கு மழைமானி? வழியில் சேருகிற மழையும் தெரிய வேண்டுமாம். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், கோடு போட்ட கண்ணாடிக் குவளை ஒன்று. தினம் காலையில் அளந்து போனில் சொல்வது என் பொறுப்பு. மாப்பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் வேலை, மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

முதல் நாள் சொட்டு இல்லை, இங்கிலீஷில் 'நில்' என்று சொன்னேன். மறுநாளும் நில். மச்சான், உங்களுக்குத் தெரியாததா, கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தவரை என் ஷிஃப்டில் புரொடக்‌ஷன் நில் என்று ஒரு நாளும் போனதில்லை. மெஷின் சும்மா நின்றால் அதைக் கழற்றி வேறு லைனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெண் வீட்டு மாடியில் வைத்த கருவிக்கு அந்தக் கதி வரலாமா? அதனால் மூன்றாம் நாளிலிருந்து நானே அரை டம்ளர் ஊற்றி அளந்து சொன்னேன். அதுவும் போர் தண்ணீர் இல்லை, குடிக்கிற கேன் தண்ணீர். டார்கெட் என்றால் ஏறுமுகமாக இருக்க வேண்டும் இல்லையா, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினேன். ஞாயிறு மட்டும் லீவு. பையன் போனில் குதிக்கிறான், "ஞாயித்துக்கெழம தவிர தெனம் பேயுதே மாமா, அதுவும் உங்க ஏரியாவுல மட்டும்! இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. ஆற்றோரம் முட்டைக்கோஸ் போட்டிருக்கிற திம்மராயனிடம் போய், வியாழக்கிழமை தண்ணீர் ஏறும், மோட்டாரைக் கரைக்கு ஏத்துங்க என்று சொல்லிவிட்டான். நம்ம மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று நானும் ஒத்து ஊதினேன். அந்த மனுஷன் அண்ணன் தம்பிகளைக் கூட்டி வந்து மோட்டாரை இழுத்து மேலே போட்டார். வியாழன் வந்தது, மண்டையைப் பிளக்கிற வெயில். வெள்ளியும் அப்படியே. தண்ணீர் இல்லாமல் முட்டைக்கோஸ் வாடிப்போச்சு. இன்று காலை எங்கள் கேட்டில் நின்று, "ஏன் சாமி, மானத்துல மோடமே இல்ல, உன் அளியனுக்கு மட்டும் தண்ணி எங்கிருந்து வருது?" என்று கத்துகிறார். அளியன் என்றால் அவர்கள் கன்னடத்தில் மாப்பிள்ளை. தெருவே வேடிக்கை பார்த்தது. போதாக்குறைக்கு, கணக்கு ஏன் தப்பியது என்று விளக்கம் சொல்லப் பேராசிரியர் அவனைச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறாராம், ஆராய்ச்சியையே நிறுத்தினாலும் நிறுத்திவிடுவாராம். வெயிலா மழையா என்று ஜன்னலைத் திறந்து பார்க்கத் தெரியாதவன் நம்ம பொண்ண எப்படிக் காப்பாத்துவான்? நானும் தினம் படியேறி ஊத்தி ஊத்திக் கைதூக்கிவிட்டேன், அப்படியும் தேறலைன்னா நான் என்ன பண்றது? லிபியா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை மச்சான். ஆனாலும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர். உங்கள் வீட்டுக் கிணறு வற்றாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சிங்கராயர்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மாப்பிள்ளையே வந்துவிட்டார். கருவியைக் கழற்றி எடுத்துப்போக வந்தாராம், முகத்தில் ஈயாடவில்லை. கடைசியாக இன்றைய அளவைப் பார்த்துவிடுகிறேன் என்று படியேறினார். நான் டம்ளரோடு பின்னாலேயே ஓடி, "ஒரு நிமிஷம் மாப்ளே, இன்னிக்கு இன்னும் ஊத்தல" என்றேன். அப்படியே நின்றுவிட்டார். "எத்தன நாளா மாமா?" என்றார். சொன்னேன். மாடியிலேயே உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். லிபியா படியில் நின்று என்னைத் திட்டிக்கொண்டே சிரிக்கிறாள். கணக்கெல்லாம் சரியாம், மழைதான் என்னுடையதாம். பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்ல என்னையும் சென்னைக்கு வரச் சொல்கிறார். அதற்கு முன்னால் திம்மராயன் மோட்டாரை ஆற்றில் இறக்கக் கை கொடுக்க வேண்டும்.

திருப்பி எழுத நேரமில்லை, தபால் எடுத்துவிடுவார்கள். மேலே உள்ள எதையும் பையன் வீட்டில் மூச்சு விடாதீர்கள். ஆனால் கண்டிப்பாகப் போங்கள், ஓலையை அவர்கள் நிறுத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளப் போங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். ரிட்டயர்டான பிறகு பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், ஒன்றுமே செய்வதில்லை, சும்மாதான் இருக்கிறார் என்று சத்தியம் பண்ணிச் சொல்லுங்கள்.