மூன்றாம் மாதத்து உறுப்பினர்

உறுப்பினர்களில் பல ரகம் உண்டு. பேசும் உறுப்பினர், தூங்கும் உறுப்பினர், பிறர் பேசுவதைத் தன் பெயரில் மறுபடியும் பேசும் உறுப்பினர். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் பார்க்கப் போகிறவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால், நீங்கள் போன அன்று அவர் வந்திருக்க மாட்டார்.

இவர் ஊர்க் குடிநீர் வாரியத்தில் இருக்கிறார். உறுப்பினர்கள் மொத்தம் ஏழு பேர். மாதம் ஒரு கூட்டம், முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வருகைக்கு விதிகள் இரண்டே. நான்கு பேர் இல்லாவிட்டால் கூட்டம் நடந்ததாகக் கணக்கில்லை. நடந்த கூட்டங்களில் தொடர்ந்து மூன்றுக்கு வராதவருக்குப் பதவி போய்விடும். இதைப் படித்த மற்றவர்கள், ஒழுங்காக வரவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நம்மவர் படித்துவிட்டு, இரண்டு கூட்டங்களுக்கு வரவேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார். படித்தால் இப்படியல்லவா படிக்க வேண்டும்?

ஆக, இரண்டு மாதம் வீடு, மூன்றாம் மாதம் வாரியம். அலுவலகத்தில் மூன்றாம் மாதத்தார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மூன்றாம் செவ்வாயன்று அவர் இஸ்திரி கலையாத சட்டையில் பத்து ஐம்பதுக்கு வந்து, தலைவருக்கு ஒரு வணக்கம் வைத்து, வருகைப் பதிவேட்டை முன்னால் இழுத்து, அடுத்தவர் கட்டத்தில் பாதியையும் பிடித்துக்கொள்ளும் ஒரு கையெழுத்தைப் போட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தன் நாற்காலிக்கு நேராக மேசைமேல் காவல் வைத்துவிட்டு, தேநீரைக் குடித்து முடித்ததும், அடிக்காத போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடியே வெளியே போவார். அவ்வளவுதான். கண்ணாடிக் கூட்டை மறுநாள் வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுப்பார்.

பதவி எதற்கு என்று கேட்கிறீர்களா? வாசல் கேட்டில் பித்தளைப் பலகை ஒன்று இருக்கிறது. ‘உறுப்பினர், குடிநீர் வாரியம்’. தினமும் காலையில் அதைத் துடைப்பார். அதுதான் அவருக்கு உயிர். அந்தக் கேட்டுக்கு உள்ளே, அவருடைய வீட்டம்மா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருப்பார். தெரு கடைக்கோடி, குழாய் பழசு, தண்ணீர் நூல் மாதிரி வரும். குழாயை மாற்றச் சொல்லி அவர் இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார். இவர் "ம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன தடவை மூன்றாம் மாதத்தார் வந்தபோது, வாரியத்தின் எழுத்தர் அம்மா அவரைக் கதவருகே மறித்தார்.

"சார், இன்னைக்கு உங்க தெருக் குழாய்தான் முதல் தீர்மானம். கொஞ்சம் உக்காருங்க."

"என் ஆதரவு எப்பவும் உண்டுன்னு எழுதிக்குங்க."

"எழுதுறதுக்கு நீங்க இருக்கணுமே, சார்."

அதற்குள் போன் காதுக்குப் போய்விட்டது. அன்று மூன்று பேர் வெளியூர். பதினொரு மணிக்குத் தலைவர் எண்ணிப் பார்த்தார்: மூன்று தலை, ஒரு கண்ணாடிக் கூடு. அரைமணி காத்திருந்துவிட்டு, கூட்டம் நடைபெறவில்லை என்று எழுதினார். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. விவரத்தை ஏழு பேருக்கும் கடிதமாக அனுப்பினார்கள். நம்மவர் தன் கடிதத்தைப் பிரிக்காமல், அதன் உடன்பிறப்புகளோடு அலமாரியில் சேர்த்தார்.

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வீட்டம்மா கேட்டார். "இன்னைக்குக் கூட்டத்துக்குப் போகலையா?"

"போன மாசம்தானே போனேன். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"அந்தக் கடிதத்தைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"அதுல என்ன இருக்கும்? நான் வந்தேன்னு இருக்கும்."

வீட்டம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவது? அன்று வெளியூர்க்காரர்கள் திரும்பியிருந்தார்கள், கூட்டம் நடந்தது. நடந்த கூட்டங்களில் அவர் தொடர்ந்து வராத மூன்றாவது கூட்டம் அது. அதற்கும் ஒரு கடிதம் வந்தது. அலமாரி அதையும் வாங்கிக்கொண்டது. காலி இடத்துக்கு அவருடைய தெருவிலிருந்து பத்து வீட்டார் கையெழுத்தோடு யாரும் மனுப் போடலாம் என்று தெருமுனையில் அறிவிப்பு ஒட்டினார்கள். தெருவில் எல்லோரும் படித்தார்கள். யார் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமா?

இரண்டு மாதம் கழிந்தது. அவருடைய செவ்வாய் வந்தது. காலையில் வீட்டம்மா எங்கோ கிளம்புவதாகச் சொன்னார். இவர் "ம்" என்றார். பத்து ஐம்பதுக்கு வாரியத்துக்குள் போய், வணக்கம் வைத்து, கண்ணாடிக் கூட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பதிவேட்டை இழுத்தால் அதில் அவர் பெயரைக் காணோம். அந்த வரிசையில் இருந்தது அவர் மனைவியின் பெயர். நிமிர்ந்து பார்த்தார். அவருடைய நாற்காலியில் வீட்டம்மா உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தார், வரி விடாமல்.

"நீ எங்க இங்க?"

"ரெண்டு கடிதம் வந்துது, ரெண்டும் அலமாரியில இருக்கு," என்றார் வீட்டம்மா, தலை நிமிராமல்.

முதல் தீர்மானம் கடைக்கோடித் தெருக் குழாய். மூன்றாம் மாதத்தாருக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கூட்டத்தில் கடைசிவரை உட்கார வேண்டும் என்று ஆசை வந்தது. எழுத்தர் அம்மா மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். கண்ணாடிக் கூட்டையும் மறக்காமல் கையில் கொடுத்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். வீட்டில் ஒருவர் பேசும்போது "ம்" போட்டுவிட்டு மனத்தால் எழுந்து போகிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் தலைப்பைப் பார்த்துவிட்டு நேராக இந்தப் பத்திக்கு வந்து சேர்ந்திருந்தால், ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் பிரிக்காமல் கிடக்கிறது.