பத்து விரல் கறை

குற்றாலத்துக்குப் போய் அருவியைப் பார்க்காமல் குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த ஒரே மனிதன் எங்கள் கசாயம்தான்.

கடையம் பக்கம், எங்கள் தெருக்காரன். தென்காசியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. இலை, தோல், கொட்டை எது கிடைத்தாலும் கொதிக்க வைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றுவான்; அப்படி விழுந்த பட்டப்பெயர்தான் கசாயம். தண்ணீர் மாதிரி இருந்த கரைசல் மெல்ல டீ நிறத்துக்கு வந்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் பிறந்துவிட்டதாம். நானோ துகளாம்!

சீசனில் மங்குஸ்தான் தின்பவர்கள் பின்னாலேயே நிற்பான். "அண்ணாச்சி, தோலைக் கீழ போட்டுராதிய, இங்கன போடுங்க" என்று பையை விரிப்பான். ஒரு அம்மாள் பரிதாபப்பட்டு முழுப் பழமே கொடுத்தார். பழத்தை என்னிடம் தந்துவிட்டுத் தோலைப் பையில் போட்டுக்கொண்டான்.

கையுறை போடச் சொன்னால், "வேர்க்குலே" என்பான். வெள்ளி உப்பு பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

அந்தச் சமயத்தில் என் அம்மா, கசாயம் வாய் நிறைய 'அத்தை' என்று கூப்பிடுகிறவள், வார்டு மெம்பர் தேர்தலுக்கு நின்றாள். தெருக்குழாயில் தண்ணீர் வராத கோபம். கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. ஜெயிக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரியும்.

"நம்ம வீட்டு நாலு ஓட்டுக்கு மேல ஒண்ணாவது விழணும்லா? இல்லேன்னா தெருவுல எப்படி முகத்தக் காட்டுவேன்?" என்று அதையே புலம்பிக்கொண்டிருந்தாள்.

வாக்குச்சாவடியில் கசாயம் எனக்கு முன்னால் நின்றான். அதிகாரி அவன் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

"ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சே? கிளம்புங்க."

"சார், இது ஓட்டு மை இல்ல, ஆராய்ச்சி. உங்க மையிலயும் இதே வெள்ளி உப்புதான் இருக்கு."

"ஓஹோ, மையே தயாரிக்கிறீங்களா?"

அடப்பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா! வாசலில் இருந்த போலீஸ்காரர் உள்ளே வந்துவிட்டார். கசாயம் நிதானமாக இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தான்.

"பத்து விரலும் கறுப்புதான் சார். பத்து ஓட்டா போட்டிருக்கேன்?"

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். அவன் பெயருக்கு நேரே கோடு விழவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, புதிதாக மை வைக்க அந்த விரலில் இடம் தேடினார், பாவம். வெளியே வந்ததும் கசாயம், "அத்தைக்குத்தாம்லே குத்தினேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

எண்ணி முடித்தபோது அம்மாவுக்கு அஞ்சு ஓட்டு. ஜெயித்தவர்கள் வெடி போட்டார்கள். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அஞ்சுலே! அஞ்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கசாயத்தைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். "கை அசிங்கமா இருக்கு, கரண்டி தாங்கத்தை" என்று கூசினான் அவன். அம்மா அந்தக் கறுத்த கையைப் பிடித்து இலைமேல் வைத்தாள்.

"இந்தக் கையாலயே சாப்பிடுலே, ராசா."