இரட்டை முதல்வர்களும் ஒரு கடைவாய்ப் பல்லும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் பல் மருத்துவச் சம்பந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் சௌக்கியம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் யாரோடும் கூட்டணி சேராமல் தனித்து இயங்குகிறது. அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும் என் மகளும், உங்கள் நால்வரையும் ஆட்டிப்படைக்கும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் தாங்கள் கேட்ட கேள்விக்கு நான் இருமிச் சமாளித்துவிட்டேன். பிராந்திய சபை உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு அங்கே வந்து பேத்தியைப் பார்த்துக்கொள்வதாக நான் சொன்னது உண்மைதான். அந்தச் சந்தைக்கடையை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று தாங்கள் கேட்டதும் நியாயம்தான். தலைநகர் இலாகாவில் உட்கார்ந்து, எங்கள் சபைக்கு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்த கோப்புகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர் தாங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை இவற்றை எங்களிடம் கொடுத்ததே தப்பு என்பது தங்கள் கருத்து. போன மாதம்வரை என் கருத்தும் அதுவே. அது எப்படி மாறியது என்று சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, ஆகவே தாங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும்.

நான் இதற்குள் வந்ததே ஒரு விபத்து. எங்கள் சிறு கட்சியின் வேட்பாளர் என் நோயாளி. தேர்தல் சமயத்தில் பல்லுக்கு உறை போட வந்தவர், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே என்னவோ கேட்டார். பஞ்சு வைத்த வாய் பேசுவது புரியாதபோதெல்லாம் "ஆகட்டும்" என்பது என் தொழில் பழக்கம். அவர் கேட்டது, தான் பதவி விலகினால் தன் இடத்துக்கு வரும் மாற்று ஆளாக என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்பது. மனுஷர் ஜெயித்தார், வெளிநாட்டில் வேலை கிடைத்தது, போய்விட்டார். மறுநாள் காலையில் சபை ஊழியர் ஒருவர் என் வீட்டுக்கு வந்து சட்டையில் குத்திக்கொள்ளும் உறுப்பினர் சின்னம் ஒன்றை நீட்டினார். வீட்டுக்காரி அதை வாங்கிப் பார்த்து, "பேசத் தெரியாதவங்களையும் எடுப்பாங்களா?" என்று கேட்டாள். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இங்கே மேட்டுக்காரர்கள், கரைக்காரர்கள் என்று இரண்டு சாரார் இருப்பது தங்களுக்குத் தெரியும். நடுவில் ஆறு, ஆற்றின்மேல் பாலம். எங்கள் அப்பாக்கள் காலத்தில் அந்தப் பாலத்தில் நின்று ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்துகொண்டார்கள். அதனால்தானோ என்னவோ, ஒரு சாரார் தனியாக ஆளவே முடியாதபடி சபைக்கு விதி எழுதியிருக்கிறார்கள். முதல்வர் ஒருவர் இல்லை, இருவர். பக்கத்துக்கு ஒருவர். இருவருக்கும் சம அதிகாரம். ஒருவர் ராஜினாமா செய்தால் மற்றவர் பதவியும் அந்த நிமிடமே போய்விடும். கல்யாணத்தில்கூட இப்படி ஒரு கட்டு கிடையாது. மேட்டுக்கட்சி முதல்வரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர், இன்னமும் யாராவது உளறினால் சுண்ணாம்புக்கட்டியைத் தேடுகிற மாதிரி கையை நீட்டுவார். கரைக்கட்சி முதல்வர் வக்கீலம்மா. குரலே உயர்த்தாமல் ஆளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பவர்.

இலாகா பிரித்த விதத்தைக் கேளுங்கள். பிள்ளைகள் விளையாட்டுக்கு அணி பிரிப்பதுபோல, அதிக இடம் வென்ற கட்சியிலிருந்து ஆரம்பித்து முறைவைத்து ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். வாத்தியார் நிதியை எடுத்தார். வக்கீலம்மா யோசிக்காமல் கல்வியை எடுத்தார், வாத்தியாருக்கு வயிறெரியட்டும் என்று. அவர் பதிலுக்கு நீதிமன்றங்களை எடுத்தார். கடைசியில் எங்கள் கட்சிக்கு மீன்வளம் மிஞ்சியது. இது உருப்படுமா என்று நானும் தங்களைப் போலவே தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பாருங்கள், பள்ளிக்கூடங்கள் முன்னைவிட நன்றாக நடக்கின்றன. வாத்தியார் சும்மா விடுவாரா, ஒரு வகுப்பறையில் ஓடு ஒழுகினாலும் சபையில் எழுந்து நின்றுவிடுவார். நீதிமன்றத்தில் மின்விசிறி நின்றால் வக்கீலம்மா எழுந்துவிடுவார். விஷயம் தெரிந்த எதிராளி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தால் எந்த அமைச்சரும் தூங்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மூன்று பேர் இரண்டு சாராரிலும் சேராத "ஏனையோர்". முக்கியமான சட்டம் என்றால் மேட்டுக்காரரிலும் பாதிக்குமேல், கரைக்காரரிலும் பாதிக்குமேல் கை தூக்கவேண்டும். நான் தூக்கினால் எண்ணிக்கையில் சேரும், நிறுவையில் சேராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆம்புலன்ஸ் சேவையும் இரண்டு. மேட்டு வண்டி பாலத்தின் பாதிவரை வரும், கரை வண்டி அந்தப் பக்கத்திலிருந்து பாதிவரை வரும், ஆற்றைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளியை நடுப்பாலத்தில் மாற்றிக்கொள்வார்கள். என் பழைய கிளினிக்குக்குக் கீழே தையல்கடை வைத்திருப்பவரின் மனைவிக்கு மழைநாளில் மாரடைப்பு. ஒரு வண்டி வந்து நின்றது, மற்ற வண்டி வரவில்லை. வந்த வண்டிக்குப் பாலத்தைத் தாண்ட அனுமதி இல்லை. அந்த அம்மாள் நடுப்பாலத்திலேயே போய்விட்டார். அதன் பிறகு, தகவல் சொல்லியும் வண்டி வரவில்லை என்று ஒரு பக்கமும், தகவலே வரவில்லை என்று மறுபக்கமும் சபையில் வருஷக்கணக்கில் சண்டையாக இருந்தது. தையல்காரர் மட்டும் யாரையும் ஒன்றும் சொல்லாமல், இதைப் பற்றிச் சபையில் பேச்சு வரும் நாளெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒருவழியாக ஒரே ஆம்புலன்ஸ் சேவைக்குச் சட்டம் தயாரானது. கூட்டத்தொடரின் கடைசி நாள் அது. அன்று நிறைவேறாவிட்டால் விஷயம் தலைநகருக்கே, அதாவது தங்கள் பழைய இலாகாவுக்கே, திரும்பிவிடும். அங்கே அது எந்த அலமாரியில் தூங்கும் என்று தாங்களே நன்கு அறிவீர்கள். இப்படிப்பட்ட சட்டத்தை இரண்டு முதல்வர்களும் ஆளுக்கொரு உரையோடு முன்மொழிய வேண்டும் என்பது விதி. காலையில் தாழ்வாரத்தில் வாத்தியாரைப் பார்த்தேன். வலது கன்னம் பன்ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. கொசு கடித்துவிட்டது என்றார். நான் பார்க்காத கொசுவா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனேன். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கடியில் சீழ் கோத்து, எந்த நேரமும் தொண்டைப் பக்கம் இறங்கலாம் என்ற நிலை. கூட்டம் முடியட்டும் என்றார். முடிகிறவரை நீங்கள் இருக்கவேண்டாமா என்று நான் கேட்டேன். காரிலிருந்து என் பையை வரவழைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, சீழை வெளியேற்றினேன். ஆபத்து நீங்கியது. கூடவே பேச்சும் நீங்கியது. உதடும் பாதி நாக்கும் மரத்த நிலையில் அவர் "மாண்புமிகு" என்று ஒத்திகை பார்த்தார். "மாம்முமிமு" என்று வந்தது.

அரசியலில் நான் செய்த முதல் காரியம் ஒரு முதல்வரின் வாயை அடைத்ததுதான் என்று நான் வியர்த்துப்போய் நிற்கும்போது வக்கீலம்மா வந்தார். அவருக்குச் சந்தேகம், பேச மனமில்லாமல் இவர் ஏதோ தந்திரம் செய்கிறார் என்று. என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, "திறங்க" என்றார். தன் கட்சிக்காரர்களிடம்கூட ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மனுஷர், எதிராளிக்கு முன்னால் வாயை ஆவென்று திறந்தார். அம்மா நன்றாகக் குனிந்து பார்த்தார். டார்ச்சை அணைத்தார். "எத்தன நாளா இப்பிடி வலியோட உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் அரசியல் எதுவும் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

சபாநாயகர் விதியைப் புரட்டிப் பார்த்து, வாத்தியார் எழுதி வைத்த உரையை அவர் நம்பிக்கை வைத்துள்ள வேறு உறுப்பினர் ஒருவர் வாசிக்கலாம் என்றார். அங்கேதான் அடுத்த சிக்கல். மேட்டுக்கட்சியில் வாத்தியாருக்கு அடுத்த தலைவர் நான்தான் என்று இருவர் காத்திருக்கிறார்கள். எவர் வாசித்தாலும் அவரே வாரிசு என்று ஆகிவிடும், மற்றவர் ஆட்களோடு வெளியேறுவார், மேட்டுப்பக்கம் பாதிக்குமேல் கை கிடைக்காது, சட்டம் போச்சு. இருவரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு காகிதக் கட்டை எடுத்து, அந்தக் கைகளைத் தாண்டி வக்கீலம்மாவிடம் நீட்டினார்.

அம்மா வாங்காமல், "இதுல என்னத் திட்டியிருப்பீங்களே" என்றார். வாத்தியார் தலையை ஆட்டினார். "நெறையவா?" அதற்கும் ஆட்டினார். அம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சம்பந்தி, நான் நாடகம் பார்த்திருக்கிறேன், வழக்காடுவதைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தன் உரையைத் தன் இடத்தில் நின்று படித்தவர், பிறகு நடந்து வந்து வாத்தியாரின் இடத்தில் நின்றார். "எதிரில் இருக்கும் அம்மையார் பிடிவாதத்தின் மறு உருவம்" என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மேட்டுக்காரர்கள் பழக்கத்தில் மேசையைத் தட்டிவிட்டு, யாருக்குத் தட்டினோம் என்று திகைத்தார்கள். கரைக்காரர்கள் கூச்சல் போட வாயெடுத்து, கத்தினால் தம் தலைவியை நோக்கியல்லவா கத்தவேண்டும் என்று விழுங்கினார்கள். ஒரு வசையைக்கூட அவர் மெல்லவில்லை, ஒரு கால்புள்ளியைக்கூடத் தின்னவில்லை. வாத்தியார் பக்கத்தில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்து, தான் எழுதியது இவ்வளவு கடுமையா என்பதுபோல முகம் சிவந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அம்மா வாசிப்பை நிறுத்தினார். எங்களுக்குக் காரணம் புரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திப் படித்தார்: "அன்று மழையில் தகவல் கிடைத்தும் பாலத்துக்கு வராமல் நின்றது எங்கள் மேட்டு வண்டி. விசாரித்து எனக்குத் தெரியும். இதுவரை நான் அதைச் சொல்லவில்லை." இந்த ஒரு வரிக்காகக் கரைக்கட்சி எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. அது கையில் கிடைத்த நேரத்தில் அந்த அம்மா அதை ஒரு வெற்றியாகப் படிக்கவில்லை. துக்க வீட்டில் பேசுகிற குரலில் படித்தார். பிறகு விவாதத்துக்குப் பதில் சொல்லும் முறை அவருடையது. அதற்காக அவர் வைத்திருந்த காகிதத்தில் அந்த வண்டியைப் பற்றித்தான் இருந்திருக்கும். பக்கத்து வரிசையிலிருந்து பார்த்தேன், அதை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "பதில் சொல்ல ஒண்ணும் இல்ல. வாக்கெடுப்புக்குப் போகலாம்" என்று உட்கார்ந்தார்.

மேட்டுப்பக்கம் கை உயர்ந்தது. கரைப்பக்கம் கை உயர்ந்தது. நிறுவையில் சேராத என் கையையும் நான் தோள்பட்டை வலிக்கும்வரை தூக்கி வைத்திருந்தேன். சபாநாயகர்தான் "டாக்டர், எண்ணியாச்சு, இறக்குங்க" என்றார். அன்று மாலையே இரண்டு முதல்வர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டார்கள். படிக்கட்டில் தையல்காரர் என்னை நிறுத்தினார். மாடத்திலிருந்து அவருக்கு ஒரு பக்கம் மறைந்துவிட்டதாம்.

"ரெண்டு பக்கமும் தூக்கினாங்கதானே டாக்டர்?"

"தூக்கினாங்க."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, கடையைத் திறக்கப் போனார்.

ஆகவே சம்பந்தி அவர்கள் மன்னிக்கவேண்டும். ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஊரை நடத்துவது தலைநகரிலிருந்து பார்த்தால் சந்தைக்கடையாகத்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது ஒரு பெரிய காரியமாகத் தெரிகிறது. பிடித்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ய யாருக்குத்தான் வராது? என் பதவிக்காலம் முடிகிறவரை நான் இங்கிருந்து நகருவதாக இல்லை. இந்தச் சபை எதையும் தாங்கும், பாறை மாதிரி நிற்கும் என்று தாங்கள் உங்கள் பழைய சகாக்களிடம் தைரியமாகச் சொல்லலாம். பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு செய்துகொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேத்தி எவ்வளவு முறைத்தாலும் ராத்திரி பல் தேய்க்காமல் படுக்க விடவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தொலைபேசி வந்தது. அந்த உரையைச் சபைக் குறிப்பில் யார் பெயரில் அச்சிடுவது என்று காலையில் தகராறாம். எழுதியது வாத்தியார், ஆகவே அவர் பெயரில் என்று மேட்டுக்கட்சி. ஒலித்தது அம்மாவின் குரல், ஆகவே அவர் பெயரில் என்று கரைக்கட்சி. வாத்தியாருக்கு நாக்கு சரியாகிவிட்டதால் நன்றாகவே பேசியிருக்கிறார். மதியத்துக்குள் அம்மா ராஜினாமா, விதிப்படி வாத்தியார் பதவியும் போச்சு, சபை முடக்கம், நாங்கள் எல்லோரும் வீட்டில். கையெழுத்தான சட்டம் மட்டும் சட்டமாகவே இருக்கிறது. ஆம்புலன்ஸ்கள் பாலத்தைத் தாண்டுகின்றன. நாங்கள் இருவரும் சனிக்கிழமை ரயிலில் வருகிறோம், மாடி அறையைத் தயவுசெய்து ஒழித்து வைக்கவும். இருவரும் சமாதானமாகிச் சபை கூடினால் நான் அன்றைக்கே கிளம்பவேண்டியிருக்கும். ஆகவே எனக்கு மட்டும் திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.