கிராணியார் வீட்டு லண்டன் கொடி

தொட்டிக்கொடிக்காரர் என்று ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே தொட்டியருகே இழுத்துக்கொண்டுபோய், இது இன்ன துரை கையால் வைத்தது, இதைப் போல இந்தச் சீமையிலேயே வேறு கிடையாது, மூச்சுப் பட்டாலே வாடிவிடும் என்று அளந்து, காப்பியைக் கண்ணில் காட்டாமலே வழியனுப்புவாரே, அவரேதான். அந்தக் கொடியின் அண்ணன் தம்பிகள் வேலிக்கு அப்பால் காட்டில் மரத்துக்கு மரம் ஏறிக் கிடக்கும். அதை அவரிடம் சொல்லிப் பாருங்களேன்!

மலாயாவில் ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி செல்லப்பன் இந்த இனத்துக்கே தலைமகன். ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை சிங்கப்பூருக்கு ஓடிய அன்று, தோட்டமே பங்களாவுக்குள் புகுந்து அரிசி, சீனி, கம்பளி என்று அள்ளியது. செல்லப்பனும் ஓடினார். மூச்சு வாங்க அவர் சுமந்து வந்தது ஒரு தொட்டிக் கொடி. மனைவி ராசம்மாவுக்கு வயிறு எரிந்தது.

“ஏங்க, ஒரு மூட்டை அரிசி கண்ணுல படலையா?”

“அரிசிய யாரு வேணும்னாலும் தூக்கலாம்லா. இது லண்டன் கொடி!”

மரவள்ளியே சோறான காலத்தில் ஜப்பான்காரன் உத்தரவு வந்தது. வீட்டைச் சுற்றி உணவுச் செடிதான் இருக்கவேண்டும். அழகுச் செடி வைத்திருப்பவன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகவேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. ராசம்மா கெஞ்சினாள், அழுதாள், பட்டினி கிடந்தாள். அந்தக் காலத்தில் பட்டினி கிடந்தால் யாருக்குத் தெரியும்? செல்லப்பன் இளநீரில் துணி நனைத்து இலை துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கப் போன சமயம் பார்த்து, ராசம்மா அந்தக் கொடியைப் பிடுங்கிப் பின்கட்டுப் பலாமரத்தடியில் வீசிவிட்டு, தொட்டியில் சர்க்கரைவள்ளித் தண்டுகளை ஊன்றினாள். தழைத்துத் தொங்கும்வரை, துரைக்கொடி பட்டுப்போய்த் துளிர்க்கிறது என்று சமாளித்தாள். ஒருநாள் அவர் குனிந்து இலையை உற்றுப் பார்த்தார்.

“பாத்தியா, என் கவனிப்புல இலை எவ்ளோ மெலிசாயிருச்சு! நல்ல வம்சம்னா இப்படித்தான்.”

ஊதாப் பூ பூத்தது. பால்வெட்டும் அய்யாவுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“நம்ம வள்ளிக்கெழங்குப் பூ மாதிரி இருக்குதுங்களே, கிராணி ஐயா?”

“மாதிரி இருக்கும். அது இல்ல.”

வீசப்பட்ட கொடியோ பலாமரத்தைப் பற்றி ஏறி, உச்சிக்குப் போகப் போக முறம் முறமாய் இலைவிட்டது. பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம் செல்லப்பன் அதைத் திட்டினார். “இந்தக் காட்டுச் சனியன வெட்டித் தள்ளேன்!”

ஒருநாள் ஜப்பான் அதிகாரி வாளும் கையுமாக வந்தே விட்டான். தொட்டியைச் சுட்டிக்காட்டி, தின்னலாமா என்று மலாயில் அதட்டினான்.

“போலே மாக்கான்?”

ஆமாம் என்று சொல்லித் தொலையேன் மனுஷா என்று ராசம்மா மாரியம்மனை வேண்டினாள். ஆனால் கொடியைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் செல்லப்பனால் முதுகை நிமிர்த்தாமல் இருக்க முடியுமா? தின்னக் கூடாது என்று மலாயிலேயே மறுத்தார்.

“தீடாக், துவான்! இது லண்...”

அந்தச் சொல் முழுதாய் விழுமுன் ராசம்மா பாய்ந்து கொடியைப் பிடுங்கினாள். கொத்தாகக் கிழங்கு வந்தது. அதிகாரியின் முகம் மலர்ந்தது. செல்லப்பன் தோளில் தட்டி, தோட்டத்துக்கே கிழங்கு மேஸ்திரியாக்கி, கிழங்கையும் வாரிக்கொண்டு போனான்.

ராசம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொல்லிப் பலாமரத்தைக் காட்டினாள். “உங்க லண்டன் கொடி அந்தா ஏறி நிக்குது. நல்லாப் பாத்துக்குங்க!”

செல்லப்பன் அண்ணாந்து பார்த்தார்.

“போடி, இது காட்டுக் கொடி. தொரை கொடிக்கு இவ்ளோ பெரிய இலை வராது.” பிடுங்கிப் போட்ட தண்டை எடுத்துத் தொட்டியில் மறுபடி ஊன்றினார். “லண்டன் கொடி இதுதான். என் கைராசி, கெழங்கு போட்டிருக்கு.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கூடத்தில் தொங்கும் கொடியின் பூர்வீகத்தை நேற்றுக்கூட விருந்தாளி ஒருவருக்கு விளக்கினீர்கள், அல்லவா? மெல்லச் சமையலறைப் பக்கம் போய், தொட்டியில் இப்போது இருப்பது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.