கடல் இல்லாத நாட்டில் எங்கள் நாலாவது படகு

திவாத்,
12 ஜூலை 2006

மரியாதைக்குரிய கூம் மிலோமிருக்கு,

என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்று, என் மகளுக்குப் பெயரும் வைத்து எனக்குக் கூம் ஆன உனக்கு த்ரிபோவின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. உன் வீட்டில் பன்றிகள், பிளம் மரங்கள், மாமியார் அனைவரும் நலமாயிருக்க வேண்டும்.

உட்கார்ந்து படி. நாங்கள் உங்களை விட்டுத் தனி நாடாகி ஐந்து வாரம் ஆச்சு, கடற்படையைப் பிரிக்க ஆளும் வந்தாச்சு! நாம் பிரிந்த ஜூன் மூன்றாம் தேதி எந்தச் சாமான் எந்த மண்ணில் இருந்ததோ அது அந்த நாட்டுக்கு, இதுதான் விதி. கடலே எங்களிடம் இருப்பதால் கப்பல்களில் தகராறில்லை. பூகம்பமெல்லாம் நான் காக்கும் கடற்படைக் கிடங்கில்தான். ஏட்டில் துடுப்புப் படகு நாலு, நிற்பது மூன்று. நாலாவதைத்தான் நீ மே மாதம் "ஒரே வாரம்டா, கெண்டை பிடிச்சிட்டுத் தந்துடறேன்" என்று லாரியில் ஏற்றி உங்கள் குருஷா ஏரிக்குக் கொண்டு போனாயே! கூம் கேட்டால் எவன் மறுப்பான்? ஆனால் இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. கிடங்கை ஒப்படைத்த தாளில் கையெழுத்து விழாவிட்டால் பென்ஷன் கிடையாது, வீட்டில் என் மனைவி அஞ்சே சோறும் போட மாட்டாள்.

"நாலாவது எங்கய்யா?" என்றார் எங்கள் கேப்டன் தாபோவிச். "தண்ணியிலதான் சார் இருக்கு" என்றேன். பொய்யா சொன்னேன்? நல்லவேளை, அதற்குள் காப்பி வந்தது, பின்னாலேயே ராக்கியாச் சாராயம் வந்தது, பன்றித்தொடை வந்தது. உங்கள் தரப்பில் வந்த கர்னல் ஸ்தோயிலோவிச்சைப் பார்த்து எங்கள் கேப்டன், ஊர் வழக்கப்படி, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று ஆரம்பித்தார்.

"எங்கம்மாவுக்கு இங்க பக்கத்துல கிர்பால் ஊருங்க."

"கிர்பாலா? கிணத்தை ஒட்டுன வீடா? அடப்பாவி, அப்ப நீ எனக்குத் தம்பி முறைடா!"

தொலைந்தது! அதுவரை பங்கு பிரித்தவர்கள் சீர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

"அந்த நாலாவது படகை நீ எடுத்துட்டுப் போ தம்பி."

"ஐயோ வேண்டாண்ணே, எங்ககிட்ட கடலே இல்லையே."

"வீட்டுக்கு வந்தவனை வெறுங்கையோட அனுப்பினா எவன்டா என்னை மதிப்பான்? யோவ் த்ரிபோ! வெள்ளிக்கிழமைக்குள்ள படகு தம்பியோட கிராகுயேவாத்ஸ் முகாம்ல இருக்கணும். வந்து சேர்ந்துச்சுன்னு தம்பி சொன்னாத்தான் உன் தாள்ல கையெழுத்து!"

படகை எப்படி மலையேற்றிக் கொண்டுபோவானோ என்று கிடங்கே எனக்காகப் பரிதாபப்பட்டது. எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம்! முகாமுக்கும் உன் ஏரிக்கும் அரைமணி நேரம்தானே? கர்னல் நேற்றே உங்கள் பக்கம் திரும்பிவிட்டார். இந்தக் கடிதத்தை இரவு பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளை உன் கையில் இருக்கும். ஆகவே கூமே, கெஞ்சிக் கேட்கிறேன், வெள்ளிக்கிழமை படகை முகாமில் கொண்டுபோய் விட்டுவிடு. செதிலையெல்லாம் கழுவு. முனையில் உன் பெண் பெயரை எழுதியிருப்பாய், சுரண்டிவிடு. கேட்டால் நேராகக் கடலிலிருந்து வருகிறது என்று சொல். நம்புகிற மாதிரி இரண்டு கை உப்புத் தூவு.

உன் பிள்ளைகளுக்கு ஆயுசும் உன் ராக்கியாவுக்குக் காரமும் கூடட்டும். அஞ்சே எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள,
த்ரிபோ

பி.கு: உறையை ஒட்டும்போது கர்னல் போன் செய்தார். அண்ணனிடம் கைநீட்ட மனசு வரவில்லையாம். படகு எங்களுக்கே என்று கேப்டனுக்கு எழுதியும் அனுப்பிவிட்டாராம். கேப்டன் கண்கலங்கி, திங்கட்கிழமை படகைத் தொட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். முகாம் பக்கமே போகாதே, ஞாயிறன்று இங்கே கொண்டு வந்துவிடு! இன்னொன்று. கர்னலுக்கு எங்கள் கடலில் குளிக்க ஆசை, பஸ்ஸில் இடமில்லையாம். சந்தோஷத்தில் வாய் தவறி, "என் கூம் ஞாயித்துக்கிழமை லாரியில வரான், அவன்கூடவே வந்துடுங்க" என்று உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். லாரியில் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது முட்டைக்கோஸ் என்று சொல்லியிருக்கிறேன். ஆறு மீட்டர் நீளத்துக்கு ஏன் என்று கேட்டால், நீயே ஏதாவது சொல்லிக்கொள்.