பின்னர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்

மழைக்காலத்தில் மனிதர்களைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் நாற்கல் நாட்டில் ஆதியிலிருந்து இருந்ததில்லை. மன்னர் எழிலேறுவின் அணி ஆட்டத்தில் தோற்ற ஆண்டில்தான் அது தொடங்கியது.

அந்த நாட்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பந்தடி அணி இருந்தது. ஓர் அணிக்காரர் பந்தை எறிவார்; எதிரணிக்காரர் அதை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு கற்களையும் சுற்றி ஓடி வருவார். வென்ற ஊர்களுக்குக் கோடையில் மேலேரியின் மதகு திறக்கும். தோற்ற ஊர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே ஆட்டக்காரர்களை ஊர் கூடிக் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள்.

பூளைமேட்டு மக்கள் இளநாகனுக்குக் கைதூக்கியிருந்தார்கள். அவன் எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து அந்தப் பந்தைப் பிடிப்பவள் அவனுடைய அக்கா வஞ்சிக்கொடி. மன்னரின் கோட்டை அணியை அவர்கள் இருவருமாகத்தான் தோற்கடித்தார்கள். மன்னர் கோபித்துக்கொள்ளவில்லை, புன்னகைத்தார். அந்தப் புன்னகை வஞ்சிக்கொடிக்குப் பிடிக்கவில்லை.

முதல் மழையோடு முதல் ஆணையும் வந்தது. விளையாட்டு அமைச்சர் திருமேனிநாதர் பூளைமேட்டுச் சந்தைத்திடலில் குடைக்குக் கீழே நின்று அதை வாசித்தார்.

"திறமை ஓரிடத்தில் தேங்கினால் நோய் பரவும். ஆகவே அணிகள் மழைக்காலத்தில் தம் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளலாம். இது முற்றிலும் விருப்பத்தின் பேரில் நடைபெறும். விரும்பாதவர்கள் யார் யார் என்பது மட்டும் கவனத்தில் கொள்ளப்படும்."

மறுநாளே கோட்டையிலிருந்து திரை போட்ட வண்டி ஒன்று வந்தது. இளநாகன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டான். அவனுக்கு ஈடாகப் பூளைமேட்டுக்கு யார் வருவார் என்று கேட்டபோது, வண்டிக்காரன் மனப்பாடமாகச் சொன்னான்: "பின்னர் அறிவிக்கப்படும் ஓர் ஆட்டக்காரர்."

ஊருக்கு முதலில் அது பெருமையாகக்கூட இருந்தது. "பேரைச் சொல்லலேன்னா ஆளு ரொம்பப் பெரிய ஆளாத்தான் இருக்கணும்" என்றார் ஊர்த்தலைவர் சடையாண்டி. வருபவர் தங்குவதற்கு ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினார்கள். யாரும் வரவில்லை. எறிவதற்கு ஆள் இல்லாவிட்டால் கோடையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் இப்போது எதை நம்பி விதைப்பது? விதைநெல் மூட்டைகள் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்தன. பார்க்கும் இடத்திலெல்லாம் ஒருவரையொருவர், "விதைச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டவரும் விதைத்திருக்கவில்லை.

சடையாண்டி தலைநகருக்குப் போய் முறையிட்டார். அதன் பலனாக இரண்டாம் ஆணை வந்தது: "ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கக் கைதூக்கியவரின் உரிமை, அந்தக் கை கீழே இறங்கியவுடன் நிறைவடைகிறது."

வஞ்சிக்கொடிக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. தம்பியைத் தேடி மன்னரின் மலைமாளிகைக்குப் போனாள். வாங்கப்பட்ட ஆட்டக்காரர்களை வேறு யாரும் வாங்கிவிடாதபடி அங்கேதான் வைத்திருந்தார்கள். வாசலுக்கு வாசல் காவல்; தம்பியைப் பார்க்க வந்த அக்கா என்று சொல்லிச் சொல்லி உள்ளே போனாள். கூடத்தில் பத்து ஊர் ஆட்டக்காரர்கள் பட்டு மெத்தைகளில் சாய்ந்து, பேச எதுவுமில்லாமல் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார்கள். இளநாகனின் கன்னம் பூரித்திருந்தது. கண் மட்டும் உள்ளே போயிருந்தது.

"ஊர் நன்மைக்காகத்தான் வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுக்கா."

"எந்த ஊர் நன்மைக்குடா?"

"நான் இங்க வந்துட்டா நம்மூருக்கு ஆடாமலே மதகு திறப்போம்னாங்க."

"எப்பத் திறப்பாங்களாம்?"

அவன் காவலாளியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அதக் கேட்டவன் ஒருத்தன் இருந்தான். இப்ப அவன எந்த அறையில வெச்சிருக்காங்கன்னு தெரியல. நீ போயிரு, அக்கா. ஆமா… விதைச்சாச்சா?"

அவன் வாயிலிருந்தும் அதே கேள்வி. அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அப்போது திருமேனிநாதர் உள்ளே வந்தார். அவள் யாரென்று தெரிந்ததும் மகிழ்ச்சியோடு கைகூப்பினார். "நல்ல நேரத்தில் வந்தாய் அம்மா. உங்கள் ஊருக்கான ஆட்டக்காரரின் பெயர் இன்றுதான் முடிவாயிற்று."

"யாருங்கய்யா?"

"இளநாகன்."

அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. "அப்ப இவனை இப்பவே கூட்டிட்டுப் போகலாமுங்களா?"

"அவசரப்படக் கூடாது. பெயரை அறிவிப்பதாகத்தான் அரசு வாக்களித்திருந்தது, அறிவித்துவிட்டது. பெயர் உங்களுடையது. ஆள் எங்களுடையவர். இரு தரப்புக்கும் நியாயமான பரிமாற்றம் இதைவிட இருக்க முடியாது." பிறகு அவர் குரலில் தேன் சேர்த்துக்கொண்டார். "எறிபவர் இருக்கும் இடத்தில் பிடிப்பவரும் இருந்தால் அழகு. உனக்கும் ஒரு மெத்தை போடச் சொல்லட்டுமா?"

தம்பி அவளைப் பார்த்தான். வந்துவிடு என்கிறானா, ஓடிவிடு என்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. "எனக்கு முதுகு வலிங்கய்யா. மெத்தை ஆகாது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். வாசலைத் தாண்டும்வரை, பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவளுக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. "நீயும் போயிருந்தா நமக்காக உள்ள இருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே" என்றார்கள் சிலர். "உள்ள இருக்கறவங்க வாயில ஏலக்காய்தான் இருக்கு" என்றாள் அவள். அன்றைக்கே தன் துண்டு நிலத்தில் விதைத்தாள். பயந்துகொண்டேதான் விதைத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரர்களும் பயந்துகொண்டே விதைத்தார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் வண்டிகள் போய்விட்டன. போன ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஊர் நன்மைக்காகவே போனதாகச் சொன்னார். கோடை பிறந்து ஆட்டத்தின் முதல் நாள் வந்தது. அன்று ஆட்டத்தைக் காணாதவர்கள் நாட்டை நேசிக்காதவர்கள் என்று மூன்றாம் ஆணை கூறியதால், எல்லா ஊர் மக்களும் வாடத் தொடங்கிய பயிர்களை விட்டுவிட்டுத் தலைநகரில் குவிந்தார்கள். கோட்டை அணி களத்தில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. களம் நிரம்பி, நிற்க இடமில்லாதவர்கள் ஓரங்களில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

மன்னர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். ஆளே இல்லை.

"எதிரணி எங்கே?"

"ஒழித்துவிட்டோம், அரசே" என்றார் திருமேனிநாதர் பணிவோடு.

"எதிரணி இல்லாமல் வெற்றி எப்படி? அயல்நாட்டுத் தூதர்கள் வந்திருக்கிறார்களே!"

அமைச்சருக்கு வியர்த்தது. அவருக்குத் தெரிந்த தொழில் ஆணையிடுவது ஒன்றுதான். எழுந்து நின்று, இருக்கைகளை நோக்கிக் கையை வீசினார். "இன்றைய எதிரணி, மக்கள்! எல்லோரும் களத்தில் இறங்கவும். தோற்ற பின் அமைதியாகக் கலைந்து செல்லவும்!"

கூட்டம் திகைத்தது. காவலர்கள் ஈட்டிகளால் நெட்டித் தள்ளினார்கள். பலர் மட்டையைத் தொட்டதே இல்லை. யார் முன்னால் போவது என்று தெரியாமல் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தபோது, வஞ்சிக்கொடி மட்டையை எடுத்தாள்.

எதிரே இளநாகன் நின்றான். "அக்கா, விலகிப் போயிரு. மெதுவா எறிஞ்சா என்னை விடமாட்டாங்க."

"மெதுவா எறியச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

அவன் முழு வேகத்தில் எறிந்தான். வருஷக்கணக்காக அவன் பந்தைப் பிடித்தவள் அவள். பந்தை அல்ல, அவன் தோளைப் பார்த்தாள். மட்டையை வீசினாள்.

பந்து கோட்டை அணியின் தலைகளுக்கு மேல் பறந்தது. மன்னர் பார்த்துக்கொண்டிருந்ததால் அத்தனை பேரும் அதைத் தாமே பிடிக்க ஓடினார்கள். ஒருவரை ஒருவர் இடித்து, மிதித்து, குவியலாக விழுந்தார்கள். பந்து யாரும் இல்லாத இடத்தில் விழுந்து உருண்டது. வஞ்சிக்கொடி ஓடினாள். முதல் கல், இரண்டாம் கல்… மூன்றாவதைத் தொட்டபோது கூட்டத்துக்கு மூச்சு வந்தது. நான்காவதைத் தொட்டபோது எழுந்த சத்தத்தில் குதிரைகள் கட்டறுத்துக்கொண்டன.

புள்ளி குறிப்பவர் குழப்பத்தோடு அவளிடம் வந்தார். "எந்த ஊர்க் கணக்குலம்மா இதச் சேர்க்கறது?"

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "எல்லா ஊர்லயும்."

அவளுக்குப் பின்னால் சடையாண்டி மட்டையை எடுத்திருந்தார். அவருக்குப் பின்னால், கரட்டுப்பட்டியிலிருந்து வந்த ஒரு மீன்காரி. அவளுக்கும் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இளநாகன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எறியாமல் நின்றான்.

மன்னர் எழிலேறுவின் முகத்தில் அன்று புன்னகை இல்லை. அமைச்சரின் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி கேட்டார்:

"இவர்களெல்லாம் ஓர் அணி என்று இவர்களுக்கு யார் சொன்னது?"

திருமேனிநாதர் பணிவோடு குனிந்தார்.

"நாம்தாம், அரசே."