விரிசல் இன்னும் ஓரத்தைத் தொடவில்லை

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே கொண்ட அண்ணா அவர்களுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கு நானும் இவரும் நலம். அங்கு நீங்களும் அண்ணியும் நலமா என்று விசாரிப்பதுதான் முறை. ஆனால் நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தத்தை வைத்தே உங்கள் தொண்டை, நெஞ்சு, இரத்த ஓட்டம் எல்லாம் திடமாக இருப்பதைத் தெரிந்துகொண்டேன். மிக்க மகிழ்ச்சி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் பத்து வார்த்தை சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது. ஆகவே நிதானமாக உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிக்கவும். பாதியில் அண்ணியைக் கூப்பிட்டு, "இவ என்ன எழுதியிருக்கா பாரு" என்று நீட்ட வேண்டாம். அண்ணி என் கட்சி.

நேற்று நீங்கள் போட்ட உத்தரவு இதுதான்: காரின் முன்கண்ணாடியை உடனே மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினீர்கள். நான் மறக்கவில்லை. புது வண்டி வாங்கியபோது பழையதை எங்களுக்குக் கொடுத்தீர்கள். "மாப்பிள்ளை ஓட்டட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வேர்த்துக் கொட்டும். அதனால் நான் கற்றுக்கொண்டேன், லைசென்ஸ் வாங்கினேன், ஓட்டுகிறேன். உங்களுக்கு உறுத்துவது அதுதானே தவிர, கண்ணாடி இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை மாற்ற மாட்டேன். சாவியையும் தர மாட்டேன்.

நடந்தது என்ன என்று முழுதாகக் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் அண்ணியிடம் சொன்ன கதையே வேறு. நான் எதன்மீதும் போய் மோதவில்லை. வேலைக்குப் போகிற வழியில் எனக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று ஆடிக்கொண்டே போனது. அதிலிருந்து ஒரு கல் துள்ளி வந்து கண்ணாடியில் 'டக்' என்று பட்டது. தினமும் துணைக்கு வருகிறேன் என்று ஏறிப் பக்கத்து சீட்டில் தூங்கும் இவர் கண்ணைக்கூடத் திறக்காமல், "யாரோ கூப்பிடறாங்க பாரு" என்றார். ஓரமாக நிறுத்திப் பார்த்தால், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தெறிப்பு. அதுவும் இவர் உட்காரும் பக்கம். நான் ஓட்டுகிற பக்கம் சுத்தம்.

அன்றைக்கே போய்ச் சரி செய்திருக்க வேண்டாமா என்று கத்தினீர்கள். என் வேலை என்னவென்று உங்களுக்கு அடிக்கடி மறந்துபோகிறது. ஆஸ்பத்திரி லாண்டரிக்கு நான்தான் பொறுப்பு. கிழிந்த விரிப்பைத் தைப்பதா, வெட்டித் தலையணை உறை ஆக்குவதா, கழித்துக் கட்டுவதா என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடியில் விளக்கு எரியும் மேசையில் விரித்துப் போட்டு ஒரு பார்வை பார்த்தால் போதும், சொல்லிவிடுவேன். ஓட்டை சின்னதாக இருந்தால் தனிக்கூடையில் போட்டுவைப்போம். கூடை நிறைந்த பிறகுதான் தையல்காரரைக் கூப்பிடுவோம். ஒரே ஒரு ஓட்டைக்கு அவரை வரச் சொன்னால் மிஷினைத் தூக்கி என் தலையில் போட்டுவிடுவார். அந்தப் பழக்கத்தில் இந்தப் பொத்தானையும் மனசுக்குள் கூடையில் போட்டுவைத்தேன். வைப்பர் தேய்ந்திருந்தது, ஒரு பக்க ஹெட்லைட் மங்கல், ஹாரனுக்கும் தொண்டை கட்டியிருந்தது. எல்லாம் சேரட்டும், ஒரே நடையில் பட்டறைக்குப் போகலாம் என்று விட்டுவிட்டேன். துணி காத்திருக்கும், கண்ணாடி காத்திருக்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் சொன்னீர்களா?

கல் பட்ட அன்னிக்கே போன்ல சொன்னேனே, அப்போ நீங்க சொன்னது என்ன, ஞாபகம் இருக்கா? "அது விரிசலா இருக்காது, ஏதாவது பூச்சி ஒட்டிக்கிட்டிருக்கும், நல்லாப் பச்சைத்தண்ணி ஊத்திக் கழுவு"ன்னு சொன்னீங்க. பார்க்காமலே சொன்னீங்க. நானும் அண்ணன் பேச்சைத் தட்டாத தங்கையாச்சே, ஆஸ்பத்திரி வளாகத்துல உச்சி வெயில்ல காய்ஞ்சு கிடந்த வண்டி மேல ஒரு வாளித் தண்ணியைத் தூக்கி ஊத்தினேன். 'சர்ர்'னு ஒரு சத்தம். பொத்தானா இருந்தது, நூல் கோத்த ஊசி மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு ஓடிடுச்சு. அந்த ஒரு சாண் உங்களோடது. அதை முதல்ல ஒத்துக்கோங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

விரிசல் ஓடினதும் இவருக்கு வேலை வந்துடுச்சு. சர்வே ஆபீஸ்ல படம் வரைஞ்சே ரிட்டையர் ஆனவரு, கோட்டைக் கண்டா சும்மா இருப்பாரா? தினம் காலையில காபி குடிச்ச கையோட கீழே போய், விரிசல் எங்க முடியுதோ அங்க மார்க்கர்ல ஒரு கோடு, பக்கத்துல தேதி, ஓடற திசைக்கு ஒரு அம்புக்குறி. மார்க்கர்னா அழியாத மார்க்கர். கொஞ்ச நாள்ல விரிசலே தெரியல, இவர் போட்ட படம்தான் தெரியுது. என்கூட வண்டியில வர்ற இஸ்திரிப் பிரிவு அக்கா ஏறி உக்காந்ததும், "இது எந்த ஊருக்குப் போற ரூட்டு?"ன்னு கேட்டாங்க. சிக்னல்ல நின்ன போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கிட்ட வந்து பார்த்தாரு. இவர் உடனே உற்சாகமா இறங்கி, எந்தக் கோடு என்னிக்கு, எந்தப் பள்ளத்துல வண்டி விழுந்தப்போ எவ்வளவு ஓடுச்சுன்னு விளக்க ஆரம்பிச்சுட்டாரு. அவர் பொறுமையாக் கேட்டுட்டு, "சார், கண்ணாடியை அப்புறம் பார்க்கலாம், முதல்ல உங்க கைவேலையைத் துடைங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சுத் தேச்சு என் தோள்பட்டையே கழண்டு போச்சு.

அடுத்தது உங்க அருமை மருமகன், அதான் என் புள்ள. வெளியூர்ல உக்காந்துக்கிட்டு வீடியோ கால்ல, "அம்மா, பற்பசை தடவினா விரிசல் அடைச்சுக்குமாம், நான் பார்த்தேன்"ன்னான். படிச்ச புள்ள சொல்றானேன்னு ஒரு டியூபைப் பிதுக்கித் தடவினேன். மறுநாள் வேலை முடிஞ்சு திரும்பறப்போ மழை. வைப்பரைப் போட்டேன் பாருங்க, கண்ணாடி முழுக்க நுரை! வண்டிக்குள்ள புதினா வாசனை. இவர் ஜன்னல் வழியாத் தலையை வெளிய நீட்டி, "இடது, இடது, அய்யோ என் இடது இல்ல, உன் இடது"ன்னு கத்தறாரு. ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துத்தான் உக்காந்திருக்கோம், அதுல எப்படி என் இடது வேற, அவர் இடது வேறன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. எப்படியோ ஒரு கடை வாசல்ல ஒதுக்கி நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தா, அது கார் கண்ணாடிக் கடை.

கடைக்காரர் வெளிய வந்து நுரையைத் துடைச்சுட்டு, விரிசலை நகத்தால தடவிப் பார்த்தாரு. பார்த்துட்டு இவர்கிட்ட, "சார், ஓட்டறப்போ கண்ணை மறைக்குதா?"ன்னு கேட்டாரு. இவர், "நான் ஓட்டல, இவங்கதான் ஓட்டறாங்க"ன்னாரு. கடைக்காரர் என்னை ஒரு பார்வை, வண்டியை ஒரு பார்வை பார்த்துட்டு மறுபடி இவர்கிட்டயே, "அப்ப அவங்களுக்கு மறைக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க சார்"ங்கறாரு. "நான் இங்கதான் நிக்கறேன், எனக்குக் காது கேக்கும், நேராவே கேளுங்க"ன்னேன். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாரு.

"பொத்தான் அளவுல இருந்தப்பவே வந்திருந்தா ஊசியில பசை ஏத்தி அடைச்சிருப்பேன்மா, டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். இப்ப நீளமாயிடுச்சு, பசை பிடிக்காது. ஓட்டறவங்க பார்வைக்கு நேரா வந்தாலோ, ஓரத்தைத் தொட்டாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, மாத்தித்தான் ஆகணும். ஓரம் போச்சுன்னா கண்ணாடிக்குப் பலமே போச்சு. என்னைக் கேட்டா இப்பவே மாத்திடுங்க"ன்னாரு.

"ஓரத்தைத் தொட்டிருக்கா?"ன்னு கேட்டேன்.

"இன்னும் தொடல. ரெண்டு விரக்கடை இருக்கு."

"என் பார்வைக்கு நேரா இருக்கா?"

"இல்ல."

கேட்டீங்களா அண்ணா? ரெண்டு விரக்கடை இருக்கு! தெரிஞ்ச மனுஷன் சொல்லிட்டாரு. கிளம்பறப்போ, "கதவை மட்டும் அடிச்சுச் சாத்தாதீங்கம்மா, அந்த அதிர்ச்சியிலயே ஓடிடும்"ன்னாரு. அன்னியிலேருந்து எங்க வண்டிக் கதவைக் கைக்குழந்தையைத் தூங்க வைக்கற மாதிரிதான் சாத்தறோம். இவர் ஒரு படி மேல போய், கதவுகிட்ட மெதுவாப் பேசக்கூட ஆரம்பிச்சுட்டாரு.

மாத்தினாத்தான் என்ன, அவ்வளவு வீம்பு எதுக்குன்னு அண்ணிகூடக் கேட்டாங்க. வீம்புதான். இல்லேன்னு சொல்லல. நீங்க சொல்லி நான் கண்ணாடியை மாத்தினா, நாளைக்கு டயரைச் சொல்லுவீங்க, அடுத்த மாசம் என் கண்ணைச் சோதிக்கச் சொல்லுவீங்க, அதுக்கடுத்த மாசம் "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்"னு சாவியில வந்து நிப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? இந்த வண்டியோட பின்கதவுல ஒரு பள்ளம் இருக்கே, அது யார் போட்டது? உங்க வீட்டுத் தூண்ல நீங்க போய் இடிச்சது. அன்னிக்கு உங்ககிட்ட யாராவது வந்து சாவியைக் கேட்டாங்களா? தூணைத்தானே திட்டினீங்க?

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காமக் கேளுங்க. நான் வேலைக்குப் போன காலம் பூரா, "போற வழியில கொஞ்சம் இறக்கி விடறீங்களா"ன்னு கேட்டுக் கேட்டே என் வாய் தேஞ்சு போச்சு. முதல்ல உங்ககிட்ட, அப்புறம் பையன்கிட்ட, அப்புறம் ஆஸ்பத்திரி வேன் டிரைவர்கிட்ட. விடியக்காலை ஷிப்டுக்கு எல்லாரும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் வருவீங்க. ஒரு நாள் மழையில என்னை ஆஸ்பத்திரி கேட்ல நிக்கச் சொல்லிட்டு நீங்க மறந்தே போயிட்டீங்க. முதல் தடவை தனியா வண்டியை ஓட்டிட்டு வேலைக்குப் போன அன்னிக்கு, லாண்டரி வாசல்ல நிறுத்திட்டு இறங்காம அப்படியே உக்காந்திருந்தேன். சந்தோஷத்துல அழுகையா வந்தது. உள்ளே துவைக்கற மிஷின் ஓடற சத்தம் கேக்குது, யாரோ என் பேரைச் சொல்லித் தேடறாங்க, நான் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டிருக்கேன். அந்தச் சாவியைத்தான் நீங்க கேக்கறீங்க. எப்படித் தருவேன்?

இனி நான் யார்கிட்டயும் 'இறக்கி விடுங்க'ன்னு கேக்கப் போறதில்ல. இது சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை வாங்க, தாராளமா வாங்க. விரிசல் இருக்கற பக்கமா உங்களை உக்கார வெச்சு ஊரைச் சுத்திக் காட்டறேன். மார்க்கர் வேணும்னா இவர்கிட்ட இருக்கு.

அண்ணிக்கு என் வணக்கமும், அவர்கள் முழங்கால் சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற என் வேண்டுதலும். உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் கோபத்துக்குக் குறைந்த ஆயுளும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சாவியை இறுக்கிப் பிடித்திருக்கும்
உங்கள் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில போட்டேன், ஒட்டறதுக்குப் பசை வண்டி டேஷ்போர்டுல இருந்தது. கீழே போய் எடுத்தேன். எழுதின சூடு இன்னும் தணியலையா, உங்களை நினைச்சுக்கிட்டே கதவை 'படார்'னு சாத்திட்டேன். ஒரு முனை ஓரத்தைத் தாண்டிடுச்சு, இன்னொரு முனை நேரா ஸ்டியரிங்குக்கு முன்னால வந்து நின்னுடுச்சு. இவர் மார்க்கரோட ஓடி வந்தாரு, பார்த்தாரு, மார்க்கரை மூடியைப் போட்டு மூடிட்டாரு. கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் பண்ணி மாத்தச் சொல்லிட்டேன். நீங்க சொல்லி இல்ல. நான் சாத்தின கதவு, நான் எடுத்த முடிவு. அவரே வந்து ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துட்டுப் போறாரு, செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். எழுதினதைக் கிழிக்க மனசு வரல, அதனால அப்படியே அனுப்பறேன். இப்ப விஷயம் என்னன்னா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவு போட்டுட்டேன், ஆனா திங்கக்கிழமை எனக்கு விடியக்காலை ஷிப்டு. போற வழியில கொஞ்சம்... சீ, கையே எழுத வர மாட்டேங்குது. நீங்க ஞாயித்துக்கிழமை உங்க புது வண்டியில வந்து ராத்திரி இங்கயே தங்கிடுங்க. காலையில சாவியை என்கிட்ட கொடுங்க, நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. கதவை மட்டும் மெதுவாச் சாத்துங்க.